அருவியில் பிடித்த கை

சர்க்காருக்கு மனுப் போட்டுவிட்டுத் தபால்காரர் வரும் வழியையே பார்த்திருந்தவர்களுக்கு என் தொழிலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஐம்பதுகளில் நான் தென்காசி தாலுகா ஆபீஸ் வாசலில் டைப்ரைட்டர் வைத்து மனு எழுதினேன். பட்டாளத்தில் ஊனமாகி, பென்ஷன் மறுக்கப்பட்டவர்களின் அப்பீல்தான் முக்கால்வாசி. நான் ஏன் இன்னும் பல்லைக் கடிக்கிறேன் என்று தெரிய, கடையத்து மாடசாமியின் அப்பீல் ஒன்று போதும்.

முன்பே இருந்த முதுகு

மாடசாமி யுத்தத்தில் பர்மா பக்கம் ராணுவ லாரி ஓட்டியவர். லாரி பள்ளத்தில் உருண்டதில் முதுகில் அடிபட்டு, வயலில் குனிய முடியாமல் வீட்டோடு கிடந்தார். முதல் மனுவுக்கு வந்த பதில், முதுகுக் கோளாறு பட்டாளத்தில் சேரும் முன்பே இருந்தது என்றது. அதை வாசித்துச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் நிதானமாகக் கேட்டார்: "ஆளெடுக்கும்போது பல்லக்கூட எண்ணிப் பாத்தாங்களே, அண்ணாச்சி. அன்னைக்கு முதுகத் திருப்பிப் பாக்கலியா?"

சாட்சி

அப்பீல் போட்டோம். விபத்தை நேரில் பார்த்த சக சிப்பாயின் வாக்குமூலம் வேண்டுமென்று மேலிடம் எழுதியது. லாரியில் போனது நாலு பேர், பிழைத்தது இவர் ஒருவர். அது நாங்கள் அனுப்பிய மனுவிலேயே இருக்கிறது. படிக்காமலே கேட்கிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது.

"பாத்தவன் மூணு பேரும் அங்கனதான் கெடக்கான். கடுதாசிய அங்க அனுப்பச் சொல்லுங்க," என்றார் மாடசாமி.

குற்றாலக் குளியல்

ஒருவழியாக விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். ஆடி மாதம், நல்ல சாரல். விசாரணைக்கு முந்தின நாள் மாடசாமி, வலிக்கு இதமாக இருக்குமென்று குற்றாலம் போய் அருவியில் முதுகைக் காட்டி நின்றிருக்கிறார். பக்கத்தில் நின்றவர் பாசியில் வழுக்க, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவரைத் தாங்கிவிட்டார். அந்த இழுப்பில் வலி கூடி, மறுநாள் என் தோளைப் பிடித்துத்தான் விசாரணைக்கு வந்தார். அதிகாரியின் நாற்காலியில் இருந்தது அருவியில் வழுக்கிய அதே மனிதர். நல்ல சகுனம் என்று நினைத்தோம்.

உத்தரவு வந்தது: மனுதாரர் ஓர் ஆளைத் தாங்கிப் பிடித்ததை நேரில் கண்டேன், ஊனம் இல்லை, அப்பீல் தள்ளுபடி. தாங்கப்பட்ட ஆள் யார் என்பதை மட்டும் எழுதவில்லை. நான் கொதித்துப்போய் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மாடசாமி காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இனிமேலும் ஆரு வழுக்குனாலும் புடிப்பேன், அண்ணாச்சி. என்ன உத்தியோகம்னு கேட்டுக்கிட்டுப் புடிப்பேன்."

இரண்டாவது அப்பீலையும் அந்த ஒற்றைக் கையே தோற்கடித்தது. ஆகவே வாசகர்களே, உங்கள் ஊனம் ஊனமாகவே நிலைக்க வேண்டுமென்றால், தயவுசெய்து எந்த அதிகாரியையும் காப்பாற்றிவிடாதீர்கள்.