பஸ்ஸுக்குள் புகுந்த நாய்

நான் ஜித்தாவில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், உம்ரா யாத்திரைக்கு வந்திருந்த இந்தோனேசியப் பெரியவர் ஒருவர் தாளில் மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதிக் காட்டினார். படித்தால் ‘ஏர்’ என்று வந்தது. காற்று வேண்டுமாக்கும் என்று ஏசியைக் கூட்டினேன். தலையை ஆட்டி மறுத்தார். ஜன்னலைத் திறந்துவிட்டேன். வெயிலும் தூசியும் உள்ளே வந்ததுதான் மிச்சம். கடைசியில் அவரே எழுந்துபோய் மூலையிலிருந்த கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, என்னைப் பார்த்துக்கொண்டே குடித்து முடித்தார். அவருடைய மொழியில் அந்த எழுத்துகளை ‘ஆயிர்’ என்று வாசிக்க வேண்டும். அர்த்தம், தண்ணீர்.

அரபு நாட்டுக்குப் போகிறேன் என்று குளச்சலில் என் கணவர் எனக்கு அரபிப் புத்தகம் வாங்கித் தந்தார். அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. போகலாம், முடிந்தது, இல்லை என்பதற்கு யல்லா, கலாஸ், மாஃபி என்று நாலு வார்த்தையும், கொஞ்சம் இந்தியும், ஆங்கிலமும் இருந்தால் எங்கள் கிளினிக் இருக்கும் ஷரஃபியா பகுதியில் காலம் தள்ளிவிடலாம். ஆனால் எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இந்தோனேசிய யாத்ரீகர்கள். அதனால் நர்ஸுகள் எல்லோரும் வாரம் ஒருமுறை அந்த மொழியைப் படிக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. சொல்லித்தர வந்தவள் சுரபாயாக்காரி, கிளினிக்கின் மொழிபெயர்ப்பாளர். பெயர் வாத்தி. “பேரே வாத்திதானா! அப்போ நல்லாத்தான் சொல்லித் தருவா” என்று என்னோடு வேலை பார்க்கும் ரெஜினா அக்கா சிரித்தாள். அவளும் எங்கள் குமரி மாவட்டக் கடற்கரைதான்.

வாத்தியின் வகுப்பில் வேறு மொழி பேசக்கூடாது. மொழிபெயர்ப்பும் கிடையாது. சுவரில் பெரிய திரை, எங்கள் கையில் செல்போன். திரையில் படம் வந்ததும் சரியான வார்த்தையை யார் முதலில் தொடுகிறார்களோ அவர்களுக்குப் புள்ளி. மணிலாக்காரி ஒருத்தி வாராவாரம் முதலிடம் பிடித்துவிடுவாள். நான் படித்த கான்வென்டில் கன்னியாஸ்திரீ மேசையைத் தட்டத் தட்ட, அர்த்தம் தெரியாத ஆங்கில வினைச்சொற்களைக் கோரஸாகப் பாடியிருக்கிறோம். இங்கே அர்த்தம் படமாகத் தெரிந்தது, வாயிலிருந்துதான் சத்தம் வரவில்லை. விரல் படித்துக்கொண்டது, நாக்கு படிக்கவில்லை. சந்தோஷங்களும் இருந்தன. கப்பலுக்கு அவர்களும் கப்பல் என்றுதான் சொல்கிறார்கள், பெட்டி பெட்டிதான், கடை கெடாய். கணவனுக்கு சுவாமி என்று வந்த அன்று ரெஜினா அக்கா செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். “எங்க வீட்டுல உள்ளதப் போயி சாமின்னு கூப்பிடவா?” படங்களில் எப்போதும் ஒரு நாய் வரும். தொப்பி போடும், பால் குடிக்கும், சைக்கிள் ஓட்டும். “நாய் தொப்பி போட்டா நமக்கென்ன பிள்ளே? வயித்துவலிய எப்படிச் சொல்லுவாங்கன்னு கேளு” என்பாள் அக்கா. கேட்பதற்கு வார்த்தை தெரியாததால் யாரும் கேட்கவில்லை.

வாத்தி லீவில் இருந்த ஒரு நாள், சுமார்னி என்ற அம்மாளை யாத்திரைக் குழுவின் வழிகாட்டி எங்களிடம் விட்டுவிட்டு மருந்துக்கடைக்குப் போனார். லேசான காய்ச்சல், உடம்புவலி. டாக்டர் ஹானி, எகிப்துக்காரர், ஸ்டெதஸ்கோப் வைக்க முதுகுத் துணியை விலக்கச் சொன்னார். விலக்கினேன். முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் மீன்முள் போல வரிவரியாகச் சிவந்த கோடுகள். டாக்டரின் முகம் மாறிவிட்டது. “யாராவது அடித்தார்களா? கேளுங்கள்” என்றார். என் இந்தோனேசியத்தை முதல்முறையாக ஒரு டாக்டர் நம்பி நிற்கிறார். நெஞ்சு நிமிர்ந்தது.

“இபு, என்ன ஆச்சு?” என்று கேட்டேன். இபு என்றால் அம்மா.

மாஸ்க்குக்குள்ளிருந்து அவர் முணுமுணுத்ததில் முதல் வார்த்தை ‘மாசுக்’. அது எனக்கு அத்துப்படி. வகுப்பில் போட்டிக்குள் நுழைய நாங்கள் அழுத்தும் பட்டனில் அதுதான் எழுதியிருக்கும். நுழைவது. இரண்டாவது வார்த்தை காதில் பட்டதும் தொப்பி போட்ட நாய் கண்முன் வந்து நின்றது. அஞ்ஜிங், நாய்.

“நாய் புகுந்துவிட்டதாம், டாக்டர்.”

“நாயா? எங்கே?”

கேட்டேன். நேற்று, பஸ்ஸில் என்றார். கொஞ்சமா நிறையவா என்று கேட்டேன். “பாஞாக்” என்றார் அவர். நிறைய!

“பஸ்ஸுக்குள் நிறைய நாய்கள்” என்று டாக்டர் தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு வெறிநாய்க்கடி ஊசிகளை எடுக்கச் சொன்னார். பஸ்ஸில் வந்த எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும், மேலே தகவல் சொல்ல வேண்டும் என்றார். திரும்பி வந்த வழிகாட்டி அதைக் கேட்டுவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்று மாலைதான் அவர்களுக்கு விமானம். குழு முழுவதும் ஏர்போர்ட்டில் காத்திருந்தது. அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர் வேலைக்குப் புதிதாக வந்திருந்த பாகிஸ்தானி, இந்தோனேசியம் அவருக்கும் எட்டாக் கனி.

ட்ரேயில் ஊசிகளைப் பார்த்ததும் சுமார்னி அம்மாள் கட்டிலிலிருந்து இறங்கிவிட்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். நேராக என்னிடம் வந்து, மாஸ்க்கைக் கழற்றி, கன்னத்தை உப்பிக்கொண்டு என் முகத்தில் ‘பூ’வென்று ஊதினார். மேலே ஏசியைக் காட்டிக் கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினார். “ஆ… ஙின்” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு கைப்பையிலிருந்து தைலமும் ஒரு நாணயமும் எடுத்து, என் முன்கையில் தைலம் தடவி நாணயத்தின் விளிம்பால் இழுத்தார். சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. வலிக்கவில்லை, சூடாக இருந்தது.

என் தப்பு எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டுமே. “வவ், வவ்?” என்று குரைத்துக் காட்டினேன். சுமார்னி அம்மாள் என்னையே பார்த்தார். பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

“நாய் இல்லை டாக்டர். ஆஙின், காற்று. பஸ் ஏசியில் உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டதாம். அதை எடுக்க நாணயத்தால் தேய்த்திருக்கிறார்கள்.”

டாக்டர் ஊசிகளைத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சிஸ்டர், புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லுங்கள். அது எல்லா மொழியிலும் சரியான பதில்” என்றார். கோபமாகச் சொல்லத்தான் முயன்றார், ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காய்ச்சல் மாத்திரையோடு சுமார்னி அம்மாள் விமானத்துக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தார்.

உடம்பில் காற்று பிடித்துக்கொண்டது என்று எங்கள் பக்கத்திலும் சொல்வதுதான். ‘ங’ என்கிற சத்தமும் எங்களுக்குப் புதிதல்ல, தேங்காயைத் தேங்ஙா என்று சொல்கிற வாய் இது. காது மட்டும் படத்திலிருந்த நாயின் பின்னால் போய்விட்டது.

நடந்ததைக் கேட்டு வாத்தி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆனால் அடுத்த வாரம் திரையை இயக்கவில்லை. ஒவ்வொருவராகக் கட்டிலில் படுத்து நோயாளியாக முனகச் சொன்னாள், மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். ரெஜினா அக்கா வயிற்றுவலி வந்தவளாக அன்று முதலிடம் பிடித்தாள்.

இப்போது வாத்தி எனக்குத் தோழி. டூட்டி முடிந்ததும் பயிற்சிக்காக ஏதாவது மெசேஜ் அனுப்புவாள். நேற்று பகல் டூட்டி முடிந்து வந்து, அறைக்கதவில் சாவியை நுழைத்தபோது கேட்டாள்: “வீடு திரும்பியாச்சா?” ஆயிற்று என்றால் ‘சுதா’, இன்னும் இல்லை என்றால் ‘பெலும்’. உள்ளே, என்னோடு தங்கியிருக்கும் ரெஜினா அக்கா மீன் பொரிக்கும் சத்தம் கேட்டது. போனின் மேல்மூலையில் குளச்சலிலிருந்து என் மகள் வீடியோவில் அழைத்துக்கொண்டிருந்தாள். சுதா என்று அடித்தேன். அதன் பக்கத்தில் பெலும் என்றும் அடித்து, இரண்டையும் சேர்த்தே அனுப்பினேன்.

“ஒன்றைத் தேர்ந்தெடு” என்று உடனே பதில் வந்தது. சாவி பாதி திரும்பியபடி நிற்க, நான் மகளின் அழைப்பை எடுத்தேன்.