கிணற்றுக்காரருக்காக வாதாடிய என் மகள்

பாப்பாமோட்டைச் செல்வநாயகம் அண்ணைக்கு நான் நாற்பத்தையாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். எருக்கலம்பிட்டியில் என் வளவுக்குள் அவர் வெட்டிய கிணற்றுக்கான காசு அது. பதினைந்து வருடமாகக் கொடுக்கவில்லை. இதை எழுதுவது எனக்குச் சுகமான வேலை இல்லை. ஆனால் என் இளைய மகள் ஷிஹானாவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் முஹைதீன். படித்தது ஐந்தாம் வகுப்பு. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டி போய் இறங்கியபோது என்னிடம் இருந்தது உடுத்த சாரமும் ஒரு டோர்ச்சும்தான். புத்தளத்தில் ஐஸ் பெட்டி தூக்கினேன். மண்ணெண்ணெய் விற்றேன். பழைய தகரம் வாங்கி விற்றேன். இன்றைக்கு மன்னார்ப் பட்டினத்தில் என் ஹாட்வெயார் கடையில் ஏழு பேர் சம்பளம் எடுக்கிறார்கள், இரண்டு லொறி ஓடுகிறது. நான் போனால் வங்கி மனேஜர் கதிரையை விட்டு எழும்புவார். எழும்பாத மனேஜர் ஒருவர் இருந்தார். என் கணக்கை அடுத்த வங்கிக்கு மாற்றிய பிறகு அவரும் எழும்பினார்.

ஷிஹானா புத்தளத்து முகாமில், கிடுகுக் கொட்டிலில் பிறந்தவள். சிறு வயதில் பேச்சுக் குறைவு. பேசினால் கேள்வியாகத்தான் இருக்கும். மூத்தவர்களுக்குப் பெரிய மீன் துண்டு, தனக்குச் சின்னது என்றால் அழமாட்டாள். "என்ன காரணம்?" என்பாள். காரணம் சரியாக இருந்தால் சின்னத் துண்டைச் சாப்பிட்டுவிட்டுப் போவாள். சரியில்லை என்றால் தட்டைத் தொடமாட்டாள். பதினொரு வயதில் மிச்சக் காசு பத்து ரூபாய்க்காக பஸ் கொண்டக்டரைத் தள்ளாடி என்ற ஊர்ச் சந்தி வரைக்கும் கேள்வி கேட்டே களைக்க வைத்தவள். அவன் கடைசியில் இருபது ரூபாய் கொடுத்தான். பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

எங்கள் பரம்பரையில் பல்கலைக்கழகத்து வாசல் மிதித்த முதல் ஆள் அவள்தான். யாழ்ப்பாணத்தில் சட்டம் படிக்கிறாள். மாதத்துக்கு ஒருமுறை அழுக்குத் துணியோடு வருவாள், கருவாட்டோடு போவாள்.

அங்கே மாதிரி நீதிமன்றப் போட்டி என்று ஒன்று இருக்கிறது. பொய் வழக்கு, பொய்க் கட்சிக்காரர்கள். ஆனால் வாதம் மட்டும் உண்மை. தமிழ் மொழியில் நடக்கும் போட்டிக்குக் கொழும்புக்கு ஒரு அணி போகும். இரண்டு பேர் பேச, ஒருவர் எழுத. அந்த மூன்று இடத்துக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் போட்டி போடுவார்கள். முந்திய வருடம் ஷிஹானா போய், நீதிபதியாக இருந்தவர் கேட்ட முதல் கேள்வியிலேயே குரல் அடைத்து, மூன்றாம் நிமிடம் இறங்கிவிட்டாள். இரண்டு கிழமை எங்களுக்குச் சொல்லவே இல்லை. கடைசி வருடக்காரர்களைச் சேர்ப்பதில்லை என்பதால், மூன்றாம் வருடமான இந்த முறைதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அவளுக்கு அது எவ்வளவு வேண்டும் என்பதை நான் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. விடுமுறையில் வீட்டுக்கு வந்தவள், தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு, வேலிக்கு வெளியே நிற்கும் கழுதைகளுக்கு "கனம் நீதிபதி அவர்களே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மன்னார்க் கழுதைக்கு அந்த மரியாதையை வேறு யார் கொடுத்தது?

இந்த முறை கொடுத்த வழக்கு இதுதான். யுத்தத்தில் ஒரு குடும்பம் வீட்டை விட்டுப் போகிறது. இன்னொரு குடும்பம் தன் ஊரில் சண்டை என்று ஓடிவந்து அந்த வெறும் வீட்டில் இருக்கிறது. கூரை போடுகிறது, கிணறு வெட்டுகிறது. வருடங்கள் கழித்து வீட்டுக்காரர் திரும்பி வருகிறார். வீடு அவருக்குத்தான், அதில் சண்டை இல்லை. இருந்தவர் செய்த வேலைக்குக் காசு கொடுக்க வேண்டுமா, இல்லையா?

வடக்கில் இந்தக் கதை நடக்காத ஊர் எது? வழக்கை எழுதிய விரிவுரையாளருக்கு என்னைத் தெரியாது. ஆனால் தாளை வாசித்துக் காட்டியபோது என் வீட்டையே யாரோ படம் பிடித்து எழுதியது போல இருந்தது. சீட்டுக் குலுக்கினார்களாம். வீட்டுக்காரர் பக்கம் அனோஜன் என்ற பொடியனுக்கு விழுந்தது. இருந்தவர் பக்கம் என் மகளுக்கு.

இருவரும் தங்கள் வாதத்தைப் போனில் பேசிப் பழகுவார்கள். அனோஜன் வவுனியாப் பிள்ளை. ஊரை விட்டுத் துரத்தப்பட்டவனின் நோவை அவன் எடுத்துச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. கையைத் தட்டினேன்.

"வாப்பா, நீங்கள் என்ட ஆளா, அவன்ட ஆளா?" என்றாள் ஷிஹானா.

"உண்மைய யார் சொன்னாலும் தட்டுவன்."

"அங்கிள், நீங்களே வந்து எனக்கு சாட்சி சொல்லுங்கோ" என்று போனுக்குள் அவன் சிரித்தான்.

ஆனால் அவள் முறை வந்தால் சரிவரவில்லை. முதல் இரண்டு நிமிடம் நன்றாகப் போகும். "என் கட்சிக்காரர் கோருவது" என்ற இடம் வந்ததும் குரல் இறங்கும், முக்காட்டு நுனியைப் பிடித்து இழுக்கத் தொடங்குவாள். தெரிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் என்னிடம் வந்தாள்.

"வாப்பா, நீங்கள் நீதிபதி. நான் பேசேக்க குறுக்க குறுக்க கேள்வி கேக்க வேணும்."

"அதுக்கென்ன, நாப்பது வருசமா நான் ஒருத்தரையும் பேச விட்டதில்லையே."

"அதுதான் உங்களப் பிடிச்சனான்."

அவள் தொடங்கினாள். "கோருவது" வந்தது. நான் கையை உயர்த்தினேன்.

"நிப்பாட்டு. உன்ட ஆள் வீட்ட விட்டுப் போகேக்க காசு கேட்டவரா?"

"தாளில அது இல்ல, வாப்பா."

"கேக்காதவருக்கு ஏன் குடுக்க வேணும்? எங்கட வீட்டில இருந்த செல்வநாயகம் அண்ணை கேட்டவரா? கும்பிட்டுப்போட்டுப் போனவர்."

அவள் தாளை மடியில் வைத்துவிட்டாள். "அதுதான் வாப்பா எனக்கு வாய் வருகுதில்ல. நான் சின்னனில இருந்து கேட்டது உங்கட கதைதானே. ஒரு சதம் குடுக்காம, கோடு கச்சேரி ஏறாம வீட்ட எடுத்தனான் எண்டு. அந்த ஆளுக்காகப் பேச வாயத் திறந்தா, அவர் கேக்காத காச நான் திருடிக் கேக்கிற மாதிரி இருக்கு."

கிணற்றடியில் சூடை மீன் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி ஸுஹறா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "கேட்டவர்."

"நீ சும்மா இரு."

"சும்மாதானே பதினைஞ்சு வருசம் இருந்தனான். நாளண்டைக்குப் பிள்ளை பேசப் போகுது. பொய்ய வச்சுப் பேசச் சொல்லுறீங்களா?"

முப்பத்தெட்டு வருடத்தில் அவள் ஆள் முன்னால் என்னை மறுத்துப் பேசியது அன்றைக்குத்தான். நான் எழும்பிப் போயிருக்கலாம். மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. சின்ன மீன் துண்டுக்குக் காரணம் கேட்ட அதே பார்வை.

சொன்னேன். எங்கள் பழைய கிணறு உவர். செல்வநாயகம் அண்ணை நெல்லுச் செய்கிற மனிதர், மண் தெரிந்தவர். மாமரத்துக்குத் தெற்கே இடம் பார்த்து, இரண்டாயிரமாம் ஆண்டு வெட்டியிருக்கிறார். எங்கள் மன்னார்த் தீவில் ஆழம் கூடினால் உப்பு ஏறும். பதினான்காம் அடியில் நிறுத்தத் தெரிந்திருக்கிறது அவருக்கு. இரண்டாயிரத்துப் பத்தில் நாங்கள் வந்தபோது வீட்டைக் கூட்டித் துடைத்து, பூட்டித் திறப்பைக் கையில் தந்தார். "கூரை கிடக்கட்டும் முதலாளி. நாங்களும் அதுக்குக் கீழதான் படுத்தனாங்கள். கிணத்துக்கு மட்டும் நாப்பத்தையாயிரம் முடிஞ்சது. இருக்கேக்க தாங்கோ" என்றார். "ஓம், தாறன்" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

அன்றைக்கு உண்மையாகவே என்னிடம் இல்லை. பிறகு கடை வந்தது, காசு வந்தது. ஆனால் அதற்குள் தேத்தண்ணிக் கடையில், கல்யாண வீட்டில், பள்ளிவாசல் கூட்டத்தில் எல்லாம் 'ஒரு சதம் கொடுக்காமல் எடுத்த' கதையைச் சொல்லி முடித்திருந்தேன். காசைக் கொடுத்தால் கதை போய்விடும். கதையை வைத்திருந்தேன்.

ஷிஹானா என்னைத் திட்டவில்லை. கொப்பியைத் திறந்தாள். "எத்தனை மணிக்குக் கேட்டவர்? எங்க நிண்டு? ஆரெல்லாம் நிண்டது? கொங்கிறீட் வளையம் எத்தனை?" ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டாள். வருமான வரிக்காரனுக்குக் கூட நான் அப்படி நேராகப் பதில் சொன்னதில்லை. எழுதி முடித்துவிட்டு என் முழங்கையைத் தொட்டாள். "தண்ணி எடுத்தரவா, வாப்பா?" என்றாள்.

தெரிவு நாளன்று மழை. யாழ்ப்பாணப் பாதையில் வெள்ளம் ஏறியதால் ஸூமில் வைத்தார்கள். எங்கள் கடை மேல்மாடியில்தான் சிக்னல் நன்றாக எடுக்கும். சீமெந்துப் பைகளை ஒதுக்கி மேசை போட்டுக் கொடுத்தேன். கீழே கம்பி வெட்டுகிற மெஷினை நிறுத்தினேன். ஒன்றரை மணித்தியால வியாபாரம் போனது. போகட்டும். நான் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

"கோருவது" வந்தது. குரல் இறங்கவில்லை.

நீதிபதியாக இருந்த பெண் சட்டத்தரணி ஒருவர் குறுக்கிட்டார். "உங்கள் கட்சிக்காரர் பல வருடம் வாடகை கொடுக்காமல் இருந்திருக்கிறார். அதைக் கழித்தால் அவருக்கு மிச்சம் ஏதும் வருமா?"

போன வருடம் முதல் கேள்வியில் அவள் நின்றுபோன இடம் இதுதான். படியில் இருந்து அவள் முதுகு மட்டும் தெரிந்தது. கை முக்காட்டுக்குப் போகவில்லை.

"கழிக்கலாம், கனம் நீதிபதி அவர்களே. கூரையை வாடகையில் கழியுங்கள். அவரும் அதன் கீழ்தான் படுத்தார். ஆனால் அவர் போன பிறகும் வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் அந்தக் கிணற்றில்தான் அள்ளுகிறார். அதை எந்த வாடகையில் கழிப்பது?"

பிறகு அதே சட்டத்தரணி, "அப்படியானால் எந்த நாள் விலைப்படி கொடுப்பது? வெட்டிய நாளா, கொடுக்கும் நாளா?" என்று கேட்டார்.

"அதில் எனக்கு இன்னும் தெளிவில்லை, கனம் நீதிபதி அவர்களே. தெரிந்ததாகச் சொல்ல மாட்டேன்" என்றாள்.

என் கடைக்கு வந்த ஒருவருக்கும் நான் இதுவரை 'தெரியாது' என்று சொன்னதில்லை. தெரியாத ஆணிக்கும் ஒரு பெயர் வைத்து விற்றிருக்கிறேன். போச்சு என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது ஷிஹானா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எழுதுவதற்கு ஹம்சிகா என்றொரு பிள்ளை. பேசுவதற்கு அனோஜனும் என் மகளும். முதல் பெயர் அவளுடையது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. ஸுஹறா அதைப் பார்த்துவிட்டு, "உங்கட வாய அடைச்சதுக்கே பிள்ளைக்கு ஒரு கப் குடுக்கலாம்" என்றாள்.

பின்னேரம் ஷிஹானா வந்து கதவு நிலையில் சாய்ந்தாள். "வாப்பா, கொழும்பில அந்த விலைக் கேள்விய கட்டாயம் கேப்பாங்கள். புத்தகத்தில ரெண்டு மாதிரியும் கிடக்கு."

"நாளைக்குக் காலம வெளிக்கிடு" என்றேன். "கேக்க வேண்டிய ஆளிட்டயே கேப்பம்."

கடைக்காரன் காசை இரண்டு பையில் வைப்பான். இடப் பையில் நாற்பத்தையாயிரம். வலப் பையில் வேறு கொஞ்சம். வலது பையைத் தொடாமல் திரும்பலாம் என்றுதான் தீவுப் பாலத்தைத் தாண்டினேன். பொய் சொல்ல மாட்டேன்.

பாப்பாமோட்டையில் நெல் குடலைப் பருவம், கதிர் இன்னும் வெளியே வரவில்லை. செல்வநாயகம் அண்ணை முற்றத்தில் மருந்து அடிக்கும் மெஷினைக் கழற்றிப் போட்டிருந்தார். நன்றாக மெலிந்துவிட்டார். அவருடைய மனுசி இராசேஸ்வரி அக்காதான் முதலில் எங்களைக் கண்டார். "கிணத்துக் கட்டில ஏறி நிண்டு எட்டிப் பாத்த பிள்ளையெல்லோ இது!" என்று ஷிஹானாவின் கன்னத்தைப் பிடித்தார்.

"என்ன முதலாளி, வழி தவறி வந்திட்டீங்களோ?" என்றார் அண்ணை.

"கடன் கொண்டு வந்தனான், அண்ணை."

அவர் கையைத் துடைத்தார். "மறந்திட்டன் எண்டு சொல்ல மாட்டன். ஒவ்வொரு வெயிலுக்கும் நினைக்கிறனான். தண்ணி இப்பவும் நல்லதோ?"

"சீனி மாதிரி."

"அப்ப சரி."

நான் இடப் பைக்குள் கையை விட்டேன். ஷிஹானா என் கையை மெல்லப் பிடித்தாள். "பொறுங்கோ வாப்பா. ஐயா, வாப்பாட பக்கத்துக்கு வாப்பா பேசுவார். உங்கட பக்கத்துக்கு நான் பேசவா?"

"பேசு பிள்ளை. எனக்கு இதுவரைக்கும் ஆரும் பேசினதில்ல."

"வாப்பா, நீங்கள் சீமெந்து ஒரு பை ரெண்டாயிரத்துப் பத்தில என்ன விலைக்கு வித்தீங்கள்?"

"எழுநூறு."

"இண்டைக்கு?"

"ரெண்டாயிரம். அது வேற கதை, மகள். அண்டைக்குச் சொன்னது நாப்பத்தையாயிரம்தானே?"

"அண்டைக்குத் தந்திருந்தா அண்டைய விலை. இண்டைக்கு ஐயா அந்தக் காசில கிணறு வெட்டப் போனா எத்தினையாவது அடியில நிப்பாட்டுவார்?"

செல்வநாயகம் அண்ணை தொடையில் அடித்துச் சிரித்தார். "ஐஞ்சாவது அடியில! முழங்கால் நனையாது!"

நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம் வந்தது. சொன்னேன். அண்ணை தலையாட்டினார்.

"அவ்வளவும் வேண்டாம். நாங்களும் பத்து வருசம் அதில குடிச்சனாங்கள். அதைக் கழி பிள்ளை. ஒரு லட்சம்."

"என் கட்சிக்காரர் சம்மதம்" என்றாள் ஷிஹானா.

மன்னார்ச் சந்தையில் என்னை விலை பேசி மடக்கிய ஆள் இன்னும் பிறக்கவில்லை என்று நான் சொல்லித் திரிந்தவன். பிறந்து இருபத்திமூன்று வருடமாயிற்று, என் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வலப் பையையும் திறந்தேன். செல்வநாயகம் அண்ணை மருந்து வாசம் போகாத வலக் கையை விரித்து நீட்டினார். ஐயாயிரம் ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி அதில் வைத்தேன். இருபது என்றேன். அவர் கையை மூடவில்லை.

"இன்னொருக்கா எண்ணுங்கோ முதலாளி. கேக்க நல்லா இருக்கு" என்றார்.

எடுத்து, ஒன்றிலிருந்து திரும்ப எண்ணி வைத்தேன்.