குப்பைமேனியைச் சுற்றிய வட்டம்

அறுபதுகளின் தொடக்கத்தில், திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், மூலிகைச் சாறு கிருமிகளைக் கொல்லுமா என்று சோதித்துக்கொண்டிருந்தேன். முசிறியிலிருந்து பஸ்ஸில் குப்பைமேனி கொண்டுவருபவர் செல்லம்மா. வாழைத்தோப்பில் அரிவாள் பட்ட கணவரின் காலை அந்த இலை கொதித்த தண்ணீரால்தான் அவர் கழுவி வந்தார். புண் புரையோடி, கணவர் இறந்துபோனார்.

“நான் செஞ்சது சரியான மருந்துதானா? சொல்லுங்க சார்.”

கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டில், குப்பைமேனியை ஸ்பிரிட்டில் ஊறவைத்து எடுத்த சாற்றையும் அவர் செய்ததுபோல் தண்ணீரில் கொதிக்கவைத்ததையும் வைத்திருந்தேன். ஸ்பிரிட்டில் ஊறிய சாற்றைச் சுற்றிக் கிருமிகள் செத்து, ஒரு தெளிந்த வட்டம். கொதித்த தண்ணீரைச் சுற்றி எதுவுமில்லை. நான் வட்டத்தை மட்டும் காட்டினேன்.

“அப்ப என் மேல குத்தமில்லை,” என்று மூச்சு விட்டார். “பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கால்ல சீழ் பிடிச்சிருக்கு. ஆஸ்பத்திரி வேணாம், இந்தத் தண்ணியையே ஊத்துங்கன்னு சொல்லிடறேன்.”

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. கொதித்த தண்ணீர் கிருமியைக் கொல்லவில்லை என்று தட்டைக் காட்டிச் சொன்னேன்.

வட்டம் விழாத இடத்தையே வெகுநேரம் பார்த்தார். அழவில்லை.

“முசிறிக்கு அடுத்த பஸ் எப்ப சார்? அந்தப் புள்ளையை இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

பிறகு எத்தனையோ தெளிந்த வட்டங்களைப் பார்த்து மகிழ்ந்திருக்க வேண்டியவன் நான். ஆனால் எந்தத் தட்டை எடுத்தாலும் என் கண் முதலில் போவது வட்டம் விழாத இடத்துக்குத்தான்.