முப்பதுக்குப் பக்கத்தில் முப்பத்து நாலு

எங்கள் காரின் வயர்களை எலி தின்றுவிட்டது. தின்றது என்றால் சும்மா கொறித்துப் பார்க்கவில்லை, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதுபோல் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை போயிருந்தது. பனியன் வேஸ்ட் துணி மூட்டைகளுக்கு நடுவில் காரை நிறுத்தாதீர்கள், அங்கே எலி இருக்கிறது என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கேட்டாரா? பொண்டாட்டி சொன்னதைக் கேட்டால் மனுஷனுக்கு என்ன மரியாதை!

அது அறுபதுகளின் நடுப்பகுதி. திருப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஏழு மெஷின்களோடு ஒரு சின்ன பனியன் கம்பெனி வைத்திருந்தோம். மெஷின் பக்கம் எல்லாம் அவர், பேக்கிங் எல்லாம் நான். கார், கோயமுத்தூரில் யாரோ பதினைந்து வருஷம் ஓட்டி அலுத்துப்போய் விற்றது. பேட்டரி எப்போதும் மயக்கத்தில் இருக்கும். முன்னால் இரும்புக் கம்பியை விட்டுச் சுற்றினால்தான் இன்ஜின் கண் திறக்கும்.

வயர் போன அன்றைக்கு அவருடைய பல்லடத்துப் பங்காளி வந்திருந்தார். தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்க அவருக்கு ஓர் இன்ஜின் வேண்டும். எங்கள் காரை அவர் பார்த்த பார்வையே சரியில்லை.

"ஏப்பா, இதையக் கழட்டி எனக்குக் குடுத்துப்போடு. நாலு ஏக்கரா நனையும்" என்றார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கறேனுங்க. ஓடலீன்னா எடுத்துட்டுப் போங்க" என்று இவர் சொல்லிவிட்டார்.

எனக்குச் சுரீர் என்றது. அந்தக் காரை ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வாங்கிய நாளிலிருந்து நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் அம்மா பொங்கலூரில் தனியாக இருந்தார். ரொம்பத் தூரமில்லை. ஆனாலும் நான் அங்கே போகவேண்டும் என்றால் இவருக்கு ஓய்வு வேண்டும், இல்லை என் தம்பிக்கு ஓய்வு வேண்டும். பஸ் ஏற்றிவிட ஓர் ஆள், திரும்பக் கூட்டிவர ஓர் ஆள். தபால் பொட்டலத்தையாவது ஓர் ஆள்தான் தூக்குவான், எனக்கு இரண்டு பேர். அம்மாவைப் பார்க்கத் தோன்றும்போது பார்க்கவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

"ஏனுங்க, நானும் சேந்து வேல செய்யறேன். வண்டிய ஓட வெச்சுட்டா எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுப்பீங்களா?" என்றேன்.

பங்காளி சிரித்தார். அவர் சிரித்ததால் இவரும் சிரித்தார். "நீ ஓட வெச்சயின்னா நீயே ஓட்டு அம்மிணி" என்றார். நான் பங்காளியைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்கல்ல, நீங்கதான் சாட்சிங்க" என்றேன்.

மறுநாளிலிருந்து வேலை. அவர் வாங்கிவந்த வயர் சுருள் முழுவதும் ஒரே சிவப்பு. எது எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்? அதற்கு நான் வழி கண்டுபிடித்தேன். பனியன் கழுத்தில் தைக்கிற சைஸ் லேபிள் பேக்கிங் மேசையில் கொட்டிக் கிடந்தது. அவர் ஒவ்வொரு வயராகக் கழற்றினார், கழற்றிய வயரிலும் அது இருந்த இடத்திலும் ஒரே நம்பர் லேபிளை நூலால் கட்டினேன். இன்ஜினில் நான்கு பிளக், ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர். முன்னாலிருந்து வரிசையாக முப்பது, முப்பத்து இரண்டு, முப்பத்து நாலு, முப்பத்து ஆறு. அந்த நான்கு வயர்களும் வட்டமான ஒரு கறுப்பு மூடியில் போய்ச் சேருகின்றன. மூடிக்குள் ஒரு முள் கடிகாரத்தைப் போலச் சுற்றி நான்கு பிளக்குக்கும் முறைவைத்து நெருப்பு கொடுக்கும் என்று அவர் விளக்கினார். மூடியின் நான்கு ஓட்டைகளிலும் லேபிள் கட்டினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு மூடியைப் பெட்ரோலில் கழுவச் சொன்னார். கழுவினேன். முப்பது மட்டும் அதன் இடத்தில் நின்றது, மற்ற மூன்று லேபிளும் கழன்று பெட்ரோலில் மிதந்தன. இதற்கெல்லாம் அவரைக் கூப்பிடுவார்களா? முப்பதுக்கு அடுத்து முப்பத்து இரண்டு, அதற்கடுத்து முப்பத்து நாலு. பதினோரு வருஷமாகப் பெட்டியில் சைஸ் வரிசையாக அடுக்கிய கை, கண்ணை மூடிக்கொண்டு அந்த வரிசையிலேயே வயர்களைச் சொருகிவிட்டது.

புதன்கிழமை மற்ற வயர்களையும் பூட்டிக் கம்பியைச் சுற்றினார். இன்ஜின் இருமியது. ஒரு தும்மல் போட்டது. பிறகு சைலன்சரில் 'டமார்' என்று வெடித்ததில் ஓவர்லாக் தையல் மெஷினில் இருந்த பெண்கள் எல்லாரும் வெளியே ஓடிவந்தார்கள்.

"பிளக்குல கரி" என்றார் இவர். நான்கு பிளக்கையும் கழற்றித் தேய்த்தார். டமார். வியாழக்கிழமை, நெருப்பை உண்டாக்குகிற இக்னிஷன் காயில் மேல் சந்தேகம் வந்து வேறு காயில் வாங்கிவந்தார். டமார். வெள்ளிக்கிழமை பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று டேங்கையே கவிழ்த்தார். சனிக்கிழமை முழுவதும் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். சாப்பாட்டை அங்கேயே நீட்டினேன். வண்டியைத் தவிர உலகத்தில் இருக்கிற எல்லாரையும் திட்டினார், எலியைப் பெற்ற தாயைக்கூட விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பங்காளி வந்துவிட்டார், கட்டை வண்டியோடு, இரண்டு ஆட்களோடு, வடக்கயிறோடு. வந்தவர் கட்டிலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு எங்கள் இன்ஜினைத் தன் கிணற்று மேட்டில் மனசால் பூட்டிக்கொண்டிருந்தார். இவர் கடைசி முயற்சியாகக் கார்பரேட்டரைக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தார்.

சும்மா நிற்கப் பிடிக்காமல் பனியன் வேஸ்டை எடுத்து இன்ஜினின் பக்கவாட்டைத் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் இரும்பிலேயே வார்த்த எண்கள் தெரிந்தன. ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எந்தப் பேக்கிங்காரன் இப்படி எழுதுவான்? இரண்டைக் கொண்டுபோய் நாலுக்குப் பின்னால் வைக்கிறானே, என் மேசையில் இருந்தால் அன்றைக்கே கணக்கைத் தீர்த்து அனுப்பியிருப்பேன் என்று மனசுக்குள் திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் எனக்கு உறைத்தது. நான்கு பிளக்குக்கும் நெருப்பு போகிற முறை அது.

அவர் முதுகைக் காட்டி ஊதிக்கொண்டிருந்தார். பங்காளி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெல்ல மூடிப் பக்கம் நகர்ந்து மூன்று வயர்களை உருவினேன். முப்பதுக்குப் பக்கத்தில் முப்பத்து நாலு, அப்புறம் முப்பத்து ஆறு, கடைசியில் முப்பத்து இரண்டு.

அவர் கார்பரேட்டரைப் பூட்டிக் கம்பியை ஒரே ஒரு சுற்றுச் சுற்றினார். இன்ஜின் பட்டென்று பிடித்துக்கொண்டு ஓடியது. டமாரும் இல்லை, தும்மலும் இல்லை.

"தூசிங்க! கார்பரேட்டர்ல தூசி!" என்று அவர் குதித்தார். பங்காளி எழுந்து நின்று, "கைராசிக்காரன்யா நீயி" என்றார்.

என் நிலைமையைப் பாருங்கள். சரி செய்தது நான்தான் என்று சொன்னால், கெடுத்தது யார் என்ற கேள்வி வரும். நாலு நாள் மனுஷன் மண்ணில் புரண்டிருக்கிறார், புதுக் காயில் வாங்கியிருக்கிறார். வாயை மூடிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று மூடிக்கொண்டேன். அவர் ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்து ராஜாவாட்டம் என்னைப் பார்த்து, "ஏறு அம்மிணி. உன்னையப் பொங்கலூருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

ஆசையாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கார் வந்தும் எனக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறதே என்று தோன்றியது.

"தூசி இல்லீங்க" என்றேன். "பிளக் வயர் மாறியிருந்துச்சு. இப்பத்தான் நான் மாத்திச் சொருகினேன்."

"யாரு மாத்தி மாட்டுனது?"

"நானேதானுங்க. சைஸ் வரிசையில மாட்டிப்போட்டேன்."

பங்காளி கட்டிலில் விழுந்து சிரித்தார், கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். போச்சு, வடக்கயிற்றைக் கொண்டுவரச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இறங்கினார், வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார், எனக்கு நேராக வந்து நின்று அந்தக் கம்பியைக் கையில் எடுத்தார்.

"போயி உக்காரு" என்றார். "நடுவுல இருக்கறது பிரேக்கு."

எங்கள் வீதி முனைக்குப் போவதற்குள் நான் இன்ஜினை ஒன்பது தடவை நிறுத்தினேன். ஒன்பது தடவையும் இறங்கிக் கம்பியைச் சுற்றினார். அவரிடம் எனக்கு எத்தனையோ கோபம் உண்டு. அந்த ஒன்பது தடவைக்காக அதில் பாதியைத் தள்ளுபடி செய்திருக்கிறேன்.

லைசென்ஸ் எடுத்த வாரமே பொங்கலூருக்குத் தனியாகப் போனேன். சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்தார். நிறுத்தினால் நானே இறங்கிச் சுற்ற வேண்டுமே என்று இன்ஜினை ஓடவிட்டே உட்கார்ந்திருந்தேன். அம்மா என் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். பின்னால் போய்ப் பின் இருக்கையையும் எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ள எங்க கண்ணு?"

"கம்பெனியில இருக்கறாருங்கம்மா."

"தம்பியும் வரலியா?"

"இல்லீங்க. நான் மட்டுந்தான் வந்தேன்."

அம்மா என் கையையும் ஸ்டீரிங்கையும் பார்த்தார். பிறகு உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்க போகோணுங்கம்மா?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. நீ ஓட்டு."