நாக்கில் வைத்துப் பார்த்த நார்த்தூள்

நாற்றுப் பண்ணையின் பணிப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே இப்படி எழுதியிருக்கிறது: “பையில் மண் நிரப்புபவர். சுயமாக முடிவெடுக்க வேண்டிய தேவை இல்லாத பணி.” அவள் சுயமாக முடிவெடுக்காத ஒரு நாளை அவள் கணவன்கூடப் பார்த்ததில்லை.

ஒரே ஒரு முறை விதிப்படி நடந்தாள். போன வருஷம் புதுத் தேங்காய் நார்த்தூளைக் கழுவாமலே மண்ணோடு கலக்கச் சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டு கலந்தாள். முந்நூறு மாங்கன்றுகள் இலையோரம் கருகிச் செத்தன.

இன்று காலை மறுபடி ஆறு மூட்டை வந்து இறங்கின. மாலைக்குள் எலுமிச்சைக் கன்றுகளைப் பைக்கு மாற்றியாக வேண்டும். அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மூட்டைகளை நாலு தரம் சுற்றி வந்தாள். கடைசியில் ஒரு பிடித் தூளை நனைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள்.

“என்ன அண்ணி, ருசி பத்தலையா?” என்றாள், பக்கத்தில் பை விரித்துக்கொண்டிருந்த நாத்தனார்.

“உப்புடி. வாயெல்லாம் கரிக்குது.”

மேலாளர் வந்தார். “இன்னைக்கே நட்டாகணும்மா. தூளுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?”

“நீங்களே ஒரு சொட்டு வாயில வெச்சுப் பாருங்க சார்.”

“எனக்கு பிரஷர் இருக்கு. உப்பு ஆகாது.”

“கன்னுக்கும் ஆகாது சார்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்.

அன்று ஒரு கன்றுகூட நடப்படவில்லை. ஆறு மூட்டைத் தூளையும் தொட்டியில் கொட்டி, வடியும் தண்ணீர் கரிக்காமல் போகும்வரை அவள் மூன்று முறை அலசினாள்.