ஒழுகாத வேன்

இந்த வாரப் பத்தியை ஒன்பது விரலால் டைப் செய்கிறேன். பத்தாவது விரலில் கட்டு. பிளேடு கிழித்துவிட்டது.

சமையலறையில் இல்லை... எங்கள் பழைய வேனில். கதவு ஓரத்திலும் ஜன்னல் ஓரத்திலும் கறுப்பாக ஓடுமே ரப்பர் பீடிங், அது மொத்தமும் காய்ந்து வெடித்துப் போயிருந்தது. தொட்டால் கரி கரியாகக் கையில் வந்தது. சாரல் சீசனில் அந்த வேனுக்குள் உட்கார வேண்டுமென்றால் குடை பிடிக்க வேண்டும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக வேனைப் பற்றிக் கொஞ்சம். என் கணவர் ஜமால் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். ஒரு லீவில் வந்தபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த வேன் ஒன்றை வாங்கினார். சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே ஒரு கட்டில், மெத்தை, குட்டி கேஸ் அடுப்பு எல்லாம் வைத்தார். சீசனில் குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் அதிலேயே படுத்துக் கிடக்க வேண்டும். இதுதான் திட்டம்.

திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. ஷார்ஜாவில் வெயில் ஏறினால்தான் ஏ.சி.காரருக்கு வேலை. அங்கே வெயில் ஏறுகிற அதே மாதங்களில்தான் இங்கே சாரல். அப்புறம் லீவு எப்படிக் கிடைக்கும்? எந்தெந்த ஊரிலிருந்தோ பஸ் பிடித்து வந்து குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போகிறார்கள். தென்காசியில் பிறந்த மனுஷனுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரு சீசன்கூட வாய்க்கவில்லை.

எங்கள் தெருவில் இவரைப்போல நிறையப் பேர். அதனாலேயே ஒரு வழக்கம் வந்துவிட்டது. சாரல் அடிக்கத் தொடங்கியதும், வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டிலெல்லாம் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவோம். 'சாரல் காட்டுவது' என்று அதற்குப் பெயர். நான் மட்டும் போனை எடுத்துக்கொண்டு வேனுக்குள் போய்விடுவேன். ஒரு பக்கம் காற்று விசிலடிக்கும், ஒரு பக்கம் தண்ணீர் சொட்டும். ஜமால் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவார். குறட்டை வந்ததும் கட் செய்வேன்.

இந்த வருஷம் அவருடைய கம்பெனிக்குப் புதிதாக ஒரு ஆள் வந்தார். அவர் புண்ணியத்தில் இவருக்கு ஜூலையில் லீவு என்று முடிவானது. சொன்ன அன்றைக்கே நான் வேனைத் திறந்து பார்த்தேன். நனைந்த மெத்தையிலா அவரைப் படுக்கவைப்பது?

சுரண்டையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் நாத்தனார் பரீதா பஸ் ஏறி வந்தாள். பழைய ரப்பரில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டுபோய்க் கடையில் காட்டி, அதே அளவில் வாங்கி வந்தோம். யூடியூபில் பார்த்தால் பத்து நிமிஷ வேலை. பழைய பசையைச் சுரண்டுவதற்குள் என் விரல் போனது.

புது ரப்பரை இழுத்து ஒட்டக் கூடாதாம். நீளம் பற்றவில்லையே என்று இழுத்து ஒட்டினால் அப்போதைக்குச் சரியாக இருக்கும். பிறகு சுருங்கி மூலையில் வாயைப் பிளந்துவிடும். அவருடைய லீவுகளையும் இப்படி இழுத்து இழுத்துப் பார்த்தவள்தானே நான்... கடைசி நாளில் கையில் வருவது என்னவோ அதே அளவுதான்.

"அண்ணன் வந்தா வீட்டுப் பக்கமே வரமாட்டாக மைனி. இதுக்குள்ளதான் குடித்தனம்" என்று பரீதா கேலி செய்துகொண்டிருந்தாள். அப்போதுதான் ஜமாலிடமிருந்து போன் வந்தது. பின்கதவில் பாதி ரப்பர் ஒட்டியிருந்தது, மீதி கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

புதிதாக வந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டாராம். லீவு தள்ளிப்போய்விட்டது. சீசன் முடிந்த பிறகுதான் இனிப் பார்க்க வேண்டும். நான் "சரி" என்றேன். இத்தனை வருஷத்தில் இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

போதும், மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் பரீதா. பசை தடவிய கதவை எப்படி விடுவது? கோபத்தோடு அழுத்தி அழுத்தி ஒட்டினேன். கடைசியில் அந்தக் கதவுதான் எல்லாவற்றையும்விட நன்றாக அமைந்தது.

இந்த வருஷம் கொஞ்சம் பிந்தி வந்த சாரல், வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. ஜமாலுக்கு அன்று விடுமுறை. இலஞ்சியைத் தாண்டி, ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஓரமாக வேனை நிறுத்தினோம். என் விரலில் கட்டு என்பதால் பரீதாதான் ஓட்டினாள். நிறுத்தியதும் அவள் பஜ்ஜி வாங்க இறங்கிப் போனாள்.

நான் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பெருமையாக இருந்தது. அவருக்கு போன் போட்டு, கண்ணாடி ஓரமாகப் பிடித்தேன்.

"என்னட்டி, சாரல் அடிக்கலியா?"

"அடிக்குதுங்க. நல்லா அடிக்குது."

"ஒண்ணும் கேக்கலியே."

கேட்கவில்லைதான். சாரல் என்ன, தகரத்தில் கொட்டுகிற பெருமழையா? காற்றோடு சேர்ந்து சும்மா தூவுகிற தண்ணீர். நுழைய ஒரு இடுக்கு கிடைத்தால்தான் அதற்குச் சத்தமே வரும். அந்த இடுக்குகளைத்தான் விரலை வெட்டிக்கொண்டு ஒன்று விடாமல் நான் அடைத்து வைத்திருக்கிறேன்.

அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான். இதை வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

எழுந்து ஜன்னலைத் திறந்தேன். சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"மெத்தை நனையும்ட்டி. அடைச்சிரு."

அடைக்கவில்லை. எதிர் ஜன்னலையும் திறந்தேன். கோபத்தில் ஒட்டிய பின்கதவையும் திறந்தேன். காற்று இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போனது. முகம், தலை, கட்டுப்போட்ட விரல் எல்லாம் நனைந்தன. அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனது. குறட்டைக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கட் செய்யவில்லை.

பஜ்ஜியோடு வந்த பரீதா, புது ரப்பர் போட்ட வேனுக்குள் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் போனை எடுத்தாள்.

மெத்தை இன்னும் காயவில்லை. மெதுவாகக் காயட்டும்... அவசரம் ஒன்றும் இல்லை.