ஏஞ்சல் ஓடுமா, ஓடாதா?

குதிரை பார்க்கிற வேலையில் தப்பு யார் செய்தாலும் உதை மட்டும் நமக்குத்தான். மேனேஜரிடம் கைகட்டி நின்றவர்களுக்கும் முதலாளி வீட்டு நாயைக் குளிப்பாட்டியவர்களுக்கும் நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், மலாக்காவில் மஸ்ஜித் தானா பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில், துரை பங்களாவின் மட்டக்குதிரைக்கு எல்லாமே நான்தான். புல் போடுவேன், குளிப்பாட்டுவேன், அது கடித்தவர்களிடம் போய் மன்னிப்பும் கேட்பேன்.

பெயர்ப் பொருத்தம்

அதற்கு ஏஞ்சல் என்று பெயர் வைத்தவர் துரைசாணி. பால் வெள்ளை நிறம், நெற்றியில் சுருள் மயிர், சாதுவான கண். பார்த்தால் யாருக்கும் தடவிக் கொடுக்கத்தான் தோன்றும்.

எங்கள் ஆபீஸ் தலைமைக் கிளார்க்கான பெரிய கிராணிக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், வெள்ளைக் கால்சட்டையில் மடிப்புக் கலையாதவர். கை நீட்டினார். ஏஞ்சல் கையை மரியாதையாக முகர்ந்தது. அவர் திரும்பும் வரை பொறுத்திருந்து, கால்சட்டையைப் பின்பக்கமாகக் கவ்வி இழுத்தது. துணி கிழிந்த சத்தம் சமையலறை வரை கேட்டது. தொப்பியால் கிழிசலை மறைத்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே ஆபீசுக்கு நடந்தவர், நின்று என்னிடம் சொன்னார்: "எங்கட வேதத்தில பரலோகத்தில இருந்து தள்ளிவிட்ட தேவதூதன் ஒருத்தன் இருக்கிறான், தம்பி. உது அவன்தான்."

கார்டு போன கதை

அந்தக் காலத்தில் எஸ்டேட்டைச் சுற்றி முள்கம்பி. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போய்ச் சேரக் கூடாது என்று, பால் வெட்டப் போகிறவர்களின் வாளியைக்கூட வாசலில் திறந்து பார்ப்பார்கள். வாசலில் காவல் இருந்தவர் மாட் என்ற மலாய்க்காரர். எங்கள் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார்.

ஒருநாள் ஏஞ்சலை ஓட்டிப் பழக்க வெளியே கொண்டுபோனேன். மாட் சேணத்தைத் தூக்கிப் பார்த்தார், வால் பக்கம் மட்டும் போகவில்லை. பிறகு அடையாள கார்டைக் கேட்டார். நான் நீட்டினேன். இடையில் ஏஞ்சல் தலையை நுழைத்து, வெற்றிலை வாங்கிப் போடுவது போல அதை வாங்கிப் போட்டுக்கொண்டது. நான் வாயைப் பிளந்து விரலை விட்டதில் விரல் மட்டும் திரும்பி வந்தது. கார்டு இல்லாதவனை வெளியே விட்டால் அவருக்கு வேலை போகும். விடாவிட்டால் குதிரைக்குப் பழக்கம் போகும். மாட் வெகு நேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: "இப்ப குதிரைக்குக் கார்டு இருக்கு, உனக்குத்தான் இல்ல. குதிரை போகலாம்லா, நீ நில்லு."

மாமாவின் கணக்கு

மலாக்காவில் பாடாங் என்கிற கடலோர மைதானத்தில் எஸ்டேட் குதிரைகளுக்கு ஒரு பந்தயம் வைத்தார்கள். துரைமார் ஓட்டலாம், குதிரைக்காரனை விட்டும் ஓட்டலாம். துரைசாணி என் பெயரைக் கொடுத்தார். ஏஞ்சலும் ஓட்டத்தில் குறை வைக்கவில்லை. ஆனால் பந்தயத்துக்கு முந்தின வாரம், எஸ்டேட்டுக்குப் பின்னால் இருந்த காட்டில் பட்டாளத்தார் பீரங்கி அடித்தார்கள். அதிலிருந்து குதிரை வேறு குதிரையாகிவிட்டது. கதவு சாத்தினால் துள்ளும், வாளி உருண்டால் பின்னங்காலில் நிற்கும். என்னைப் பலமுறை மண்ணில் தள்ளியது. காலைப் பார்த்தேன், வாயைப் பார்த்தேன், முதுகை அழுத்திப் பார்த்தேன். வலி எங்கும் இல்லை, பயம்தான்.

துரைசாணியிடம் சொன்னேன். ஏறப்போகிறவன் நான், ஆகவே முடிவும் என்னுடையது என்று நியாயமாகப் பேசினார். பந்தயத்தை எப்படித் தொடங்குவார்கள் என்று கேட்டேன். விசாரித்து, கொடி அசைத்துத்தான் என்றார். கொடி என்றால் ஓட்டுகிறேன், வெடி என்றால் மாட்டேன் என்று சொல்லி வைத்தேன்.

அன்றே மாட்டேன் என்று சொல்லாததற்கு வேறு காரணம் இருந்தது. மலாக்கா டவுனில் ஒரு பஸ் கண்டக்டரின் மகள் பாக்கியத்தை என் மாமா எனக்குப் பேசி வைத்திருந்தார். அவர்கள் வீட்டார் பாடாங்குக்கு என்னைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. குதிரை சரியில்லை மாமா, வேறு நாள் வரச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மாமா மசியவில்லை: "குதிரைக்காரன்னு சொன்னதுக்கே பொண்ணோட அம்மா மூஞ்சியச் சுளிச்சாங்க. குதிரை மேல பாத்தா ராஜான்னுவாங்க. ஏறு, ஆனா விழுந்து தொலைச்சிடாத."

பாடாங்கில்

லாரியில் ஏஞ்சலும் நானும், முன்னால் துணைக்கு ஒரு கவச வண்டி. மலாக்காவில் இறங்கினால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சனக்கூட்டம். கயிற்றை ஒட்டிப் பள்ளிப் பிள்ளைகள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். கச்சான் கடலை விற்பவருக்குப் பக்கத்தில் மாமா நின்றார். அவரோடு ஒரு கண்டக்டர் சட்டை, ஒரு சுளித்த முகம், ஒரு பச்சைப் புடவை.

தொடக்கிவைக்க வந்த வெள்ளைக்காரர் கையில் கைத்துப்பாக்கி இருந்தது. கொடி எங்கே என்று கேட்டேன். கொண்டுவர மறந்துவிட்டார்களாம். ஏஞ்சலின் கழுத்தில் கை வைத்தேன், உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் நீட்டிய கால்களைப் பார்த்தேன். பச்சைப் புடவைப் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை. துரைசாணியிடம் போய், "முடியாதுங்க" என்றேன். அவர் உதட்டைக் கடித்தாரே தவிர மறுக்கவில்லை. கூட்டம்தான் விடவில்லை. சீழ்க்கை அடித்தார்கள். கோழை என்று ஒருவன் கத்தினான். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கூட வந்திருந்த உதவி மேனேஜர் சின்ன துரை, சீமையில் இருந்து இறங்கிப் புதுசு. குதிரைக்கு அல்ல, எனக்குத்தான் பயம் என்று சிரித்து, கடிவாளத்தை வாங்கிக்கொண்டார். துரைசாணி சொல்லியும் கேட்கவில்லை. பிள்ளைகளையாவது விலக்குங்கள் என்று மன்றாடி, நானே ஓடி அவர்களை எழுப்பித் தள்ளி நிறுத்தினேன்.

வெடித்தது. மற்ற குதிரைகள் நேரே ஓடின. ஏஞ்சல் பின்னங்காலில் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, கயிறு இல்லாத கடல் பக்கம் பறந்தது. தண்ணீர் வற்றியிருந்த நேரம். வெறும் சேறு. அது சட்டென்று நின்றது, சின்ன துரை நிற்கவில்லை. வயிறு வரை சேற்றில் புதைந்த ஏஞ்சலைக் கயிறு கட்டி இழுக்க, எங்களுக்குக் காவலாக வந்த கவச வண்டியே வரவேண்டியதாயிற்று. மூக்குக் கண்ணாடியில் சேறு வழிய ஏறி வந்த சின்ன துரை என் தோளைப் பிடித்துக்கொண்டு மலாயில் சொன்னார்: "நீ முடியாதென்று சொன்னாயே, அதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாதா?"

பெண் வீட்டார் பதில்

சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன். குதிரையைக் கழுவிக்கொண்டிருந்தபோது கண்டக்டர் தனியாக வந்தார். மாமாவைக் காணவில்லை. கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார், ஏஞ்சலை விட்டுத் தள்ளியே நின்றார். தன் மனைவிக்கு இன்னும் மனசு சமாதானமாகவில்லை என்றார். தனக்கும் மாப்பிள்ளையைக் குதிரை மேல் பார்க்காதது குறைதான் என்றார். ஆனால் மகள் முடிவு பண்ணிவிட்டாளாம்.

அவள் சொன்னதை அவரே சொன்னார்: "'ஊரே சிரிக்கிறப்ப முடியாதுன்னு நின்னாரு. அப்புறம் ஓடிப் போய் பிள்ளைங்கள எழுப்பிவிட்டாரு. இவருக்கே சரின்னு சொல்லிடுங்கப்பா'ன்னுச்சு."

கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது, ஆனால் பாக்கியத்துக்கு அவ்வளவு பிடித்துப்போன அந்த 'முடியாது' என்ற வார்த்தையை அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வீட்டில் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.